ஆறிய சுவர்

பம்பலப்பிட்டிச் சந்தியில், நாற்பதடி அகலத்தில்,
ஒவ்வொரு எழுத்தும் என்னைவிட உயரம்.
இதுவரை நான் எழுதியவற்றில்
அதிகம் பேர் வாசித்தது அந்த இரண்டு சொல்தான்:
சுவர் ஆறிவிட்டது.

பெயின்ட் விளம்பரம்.
வடக்கில் எங்கோ ஒரு வீட்டின் வெளிச்சுவர்,
சன்னம் துளைத்த பொத்தல்கள்,
அவற்றின்மேல் பாதி வரை மஞ்சள்.
தூரிகை நின்ற இடத்தில் ஒரு துளி
விழாமல் தொங்கும்.
அந்த வெளிச்சத்துக்காக ரொஷேன்
மூன்று நாள் காத்துக் கிடந்தான்.
ஒரு பொத்தலுக்குள் குளவி கட்டிய மண்கூடு.
அழிக்கச் சொன்னார்கள்.
அதை எடுத்தால் என்னையும் எடுத்துவிடுங்கள் என்றான்.
கூடு தப்பியது.

கீழ் மூலையில் வாளி. நான்கு லீற்றர். விலை.

சிங்களத்தில் 'மறப்போம்' என்று இருந்தது.
அப்படியே தமிழில் போடச் சொன்னார்கள்.
மாட்டேன் என்றேன், வீரமாகத்தான்.
அரை மணி நேரத்தில்
அதைவிட நல்ல சொல்லொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
மாட்டேன் என்றதோடு நிறுத்தியிருக்கலாம்.

புண் ஆறும். கோபம் ஆறும். தேத்தண்ணியும் ஆறும்.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி.
இவ்வளவும் அந்த வினைச்சொல்லுக்குள் இருந்தது.
தெரிந்துதான் வைத்தேன்.
பெயின்ட் கம்பனிக்காரருக்கு முதல் அர்த்தத்தை மட்டும் சொன்னேன்.

நான்காம் நாள் வெடித்தது.
இரவில் யாரோ ஏறி மஞ்சளின்மேல் தார் எறிந்திருந்தார்கள்.
பிணத்துக்குப் பவுடர் பூசுகிறீர்களா என்று ஒருவர் எழுதினார்.
கொழும்பு நடுவில் எதற்கு அந்தப் பொத்தல்கள்,
பழசைக் கிளறவா என்று இன்னொருவர்.
இருவருக்கும் ஒரே கடிதம் போனது:
எவர் மனமும் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்.
தமிழாக்கம், நான்.

அந்த வாரமே ஓர் அழைப்பு.
தமிழ் கதைக்கும் ஆள் என்று என்னிடம் மாற்றிவிட்டார்கள்.
பெயர் தவயோகம் என்றார், தெஹிவளை,
நூறாம் நம்பர் பஸ்ஸில் தினமும் அதைக் கடக்கிறவர்.
"படமெடுத்த பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ,
அந்தக் குளவிக்கூடு சரி.
எங்கட வீட்டிலயும்
திரும்பி முதல் குடிவந்தது அதுகள்தான்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஹோர்ன் சத்தம்.
"அந்த வாளி இல்லாட்டி
இறங்கி நிண்டு பாத்திருப்பன்."
பிறகு,
"ஆறிட்டுதெண்டு எழுதினது ஆர்?"

தெரியாது என்றேன்.

அன்று மாலை பஸ் தரிப்பிடத்தில் நின்று
ஒரு கண்ணை மூடி,
பெருவிரலால் வாளியை மறைத்துப் பார்த்தேன்.
தாரோடு சேர்த்தே
நெஞ்சை அடைத்தது.
விரலை எடுத்தேன், விலை தெரிந்தது.
திரும்ப வைத்தேன்.
பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை சிரித்தாள்.

வாளி இல்லாவிட்டால்
ரொஷேனின் மூன்று நாளுக்கு யார் காசு கொடுத்திருப்பார்?
எந்தக் காட்சிக்கூடத்தின் வாசலில்
நூறாம் நம்பர் பஸ் நிற்கும்?
கோபுரத்துக்கும் ஒருவன் காசு கொடுத்தான்தான்,
அவன் பெயரும் ஒரு மூலையில் கல்லில் இருக்கும்தான்.
இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடினேன்.
நல்ல வாதங்கள்.
தவயோகத்திடம் ஒன்றையும் சொல்லியிருக்க முடியாது.

ஒன்பதாம் நாள் கழற்றினார்கள்.
அடியில் பழைய பால்மா விளம்பரம்,
ஒரு குழந்தையின் கன்னம் மட்டும்.

மழைக்காலம் வந்து
வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய
மீன்கடையில் ஒதுங்கினேன்.
நிமிர்ந்தால், கூரையில் அந்தச் சுவர், தலைகீழாக.
தடிகளுக்கு ஏற்ற அளவில் வெட்டியதில்
வாளியும் விலையும் போய்விட்டன,
என் சொல்லில் 'ஆறி' மட்டும் மிச்சம்.
குளவிக்கூட்டின் பக்கம் ஒழுகியது.
மஞ்சள் துளி இன்னும் விழவில்லை,
விழுந்தால் இனி மேல்நோக்கித்தான்.

"என்ன பாக்கிறீங்க?" என்றார் கடைக்காரர்.
நல்லாயிருக்கு என்று வாய்வரை வந்தது.
அறக்குளா கிலோ என்ன விலை என்று கேட்டேன்.